வேலூர் மரங்களுக்கு எறிகயிறு: புதிதாகத் தொடங்குபவர் எதை வாங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்

உயரத்தில் இருக்கும் கிளையில் கயிறு போட வேண்டும் என்றதும் நம் பக்கத்தில் பலர் முதலில் தேடுவது ஒரு கல்லை. கல் கிடைக்காவிட்டால் வண்டியில் இருக்கும் ஸ்பேனர். அதுவும் இல்லையென்றால் மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில். தாம்புக் கயிற்றின் நுனியில் அதைக் கட்டி வீசுவார்கள். சில நேரம் கிளையைத் தாண்டிப் போகும். பல நேரம் கல் கழன்று பக்கத்து வீட்டு ஓட்டைப் பதம்பார்க்கும். ஸ்பேனர் கவையில் மாட்டி அங்கேயே துருப்பிடிக்கும்.

மரமேறும் வேலையை முறையாகக் கற்க வருபவர் இந்தப் பழக்கத்தை விட வேண்டும். அதற்காக வெளிநாட்டு விலைப்பட்டியலில் உள்ளதையெல்லாம் வாங்கிக் குவிக்கவும் தேவையில்லை. நெடுநெடுவென்று உயரும் குளிர்நாட்டு மரங்களை மனத்தில் வைத்துச் செய்த கருவிகள் அவற்றில் நிறைய உண்டு. வட ஆற்காடு என்று பெரியவர்கள் இன்னும் சொல்லும் இந்த வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பகுதியில் நம் கைக்கு வரும் வேலை பெரும்பாலும் புளி, வேம்பு, தூங்குமூஞ்சி, மா, புங்கன். அகன்று விரிந்தவை, அடர்ந்தவை, பாதிக்கு மேல் சொரசொரப்பான பட்டை கொண்டவை. எனவே கருவி வாங்கும்போது மரத்தின் உயரத்தைக் கேட்பதற்கு முன் பட்டையைத் தடவிப் பாருங்கள் என்பேன்.

எறிகயிறு என்ன வேலை செய்கிறது

நுனியில் எடையுள்ள சிறு பை கட்டிய மெல்லிய, வழுக்கலான கயிறு அது. கடைகளிலும் இணையத்திலும் 'த்ரோ லைன்', 'த்ரோ பேக்' என்று கேட்டால்தான் கிடைக்கும். தரையில் நின்றபடி பையை ஒரு கவையின் மேலாக எறிகிறோம். பை மறுபக்கம் தானாக இறங்கித் தரையைத் தொட வேண்டும். பையைக் கழற்றிவிட்டு, அந்த நுனியில் 11 முதல் 13 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஏறுகயிற்றைக் கட்டி மேலே இழுத்துக்கொள்கிறோம். அத்துடன் எறிகயிற்றின் வேலை முடிந்தது.

நல்ல எறிகயிறு நூறு கிலோவுக்கு மேல் இழுவை தாங்கும். அதைப் பார்த்து, சற்று உயரம்தானே என்று அதிலேயே தொற்றி ஏறும் யோசனை யாருக்கும் வரக் கூடாது. கையில் பிடிக்க முடியாத மெல்லிய கயிறு அது. முடிச்சும் அதில் நழுவும், பட்டையில் தேய்ந்த இடமும் கண்ணுக்குத் தெரியாது.

இங்கே 'தானாக இறங்கி' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. எறிவது பாதி வேலை. கிளையைத் தாண்டிய பை, தன் எடையால் கயிற்றை இழுத்துக்கொண்டு கீழே வர வேண்டும். பட்டையின் உராய்வு அதைத் தடுக்கிறது. கயிறு ஒரே கவையில் தங்கினால் ஒருவிதம். இரண்டு மூன்று கிளைகளில் பட்டு வளைந்தால் ஒவ்வொரு வளைவிலும் உராய்வு முந்தையதோடு பெருகுகிறது. அடர்ந்த புளிய மரத்தில் பை அந்தரத்தில் தொங்கிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான். எறிந்தவரின் கையைக் குறை சொல்லிப் பயனில்லை.

முதல் படி: மரத்தைப் படியுங்கள்

வாங்குவதற்கு முன், நீங்கள் அடுத்த ஆறு மாதம் ஏறப்போகும் மரங்கள் எவை என்று பாருங்கள்.

புளியின் பட்டை வெடிப்பும் செதிலுமாக இருக்கும். கிளைகள் நம்பகமானவை, கவைகளும் உறுதியானவை. ஆனால் கயிறு நகர மறுக்கும். வேம்பும் அப்படித்தான்; கூடவே பிசின் வடிந்து கயிற்றில் ஒட்டும். ஆலும் அரசும் பட்டையில் சற்று மழமழப்பானவை என்றாலும் பால் வடிப்பவை. தூங்குமூஞ்சியின் கிளைகள் மிக நீளமாகப் படுக்கைவாட்டில் போகும். கயிற்றைத் தண்டுக்கு அருகில் இருக்கும் கவையில் விழவைக்க வேண்டும், நுனிப் பக்கம் விழுந்தால் அந்தக் கிளையை நம்பக் கூடாது. புங்கனும் தைல மரமும் வழுவழுப்பானவை, அவற்றில் இலேசான பையே இறங்கிவிடும். முருங்கையிலும் குல்மோகரிலும் எறிகயிறு நன்றாகவே விழும். ஆனால் அந்த மரங்களின் கிளைகள் பொசுக்கென்று முறியக்கூடியவை. தென்னைக்கும் பனைக்கும் கவையே கிடையாது. அவற்றுக்கு இந்தக் கருவி பயன்படாது. அவற்றில் ஏறுவது காலங்காலமாக அதைச் செய்துவரும் தொழிலாளர்களின் வேலை.

கயிறு தங்க வேண்டிய கிளை உயிருள்ளதாக, குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமனாக இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் வரம்பு. மரத்துக்கு மரம் இது கூடும். இரு கிளைகள் குறுகலாக நெருங்கி நடுவில் பட்டை மடிந்து கிடக்கும் கவையைத் தவிர்த்து, அகலமாக விரிந்த கவையைத் தேர்ந்தெடுங்கள். பொந்து, காளான், காய்ந்த நுனி இருந்தால் அடுத்த கிளைக்குப் போங்கள்.

தொலைநோக்கி ஒன்று இருந்தால் நல்லது. கிளைகளின் வலிமையைப் பார்ப்பதற்கு மட்டும் கேட்கவில்லை. மலைத்தேனீக் கூட்டின் மீதோ குளவிக் கூட்டின் மீதோ முன்னூறு கிராம் பையை எறிந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மாமரமென்றால் முசுறு எறும்புக் கூடுகளையும் பாருங்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இழுத்த கயிற்றோடு அவையும் உங்கள் சட்டைக்குள் இறங்கிவிடும்.

இரண்டாம் படி: கயிறு

வேலூர் லாங் பஜார் கடைகளில் மெல்லிய கயிறு வேண்டும் என்று கேட்டால் நைலான் கயிறு, பந்தல் கட்டும் கயிறு, மேஸ்திரிகள் மட்டம் பார்க்கும் நூல் எல்லாம் எடுத்துப் போடுவார்கள். எல்லாம் நல்ல பொருள்தான், இந்த வேலைக்கு ஆகாது. நைலான் நன்றாக இழுபடும். சிக்கிய பையை இழுக்கும்போது அந்த இழுவையைச் சேமித்து வைத்துப் பையை உங்கள் முகத்துக்கே திருப்பி அனுப்பும். பருத்தி நூலும் தேங்காய் நாரும் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். மீன்பிடி நரம்பு கண்ணுக்குத் தெரியாது, கையை அறுக்கும்.

எறிகயிற்றுக்கென்று விற்பவை பெரும்பாலும் உயர்வலு பாலிஎதிலீன் இழையால் பின்னியவை. டைனீமா என்ற வணிகப் பெயரில் பலரும் அறிந்த இழை. இழுபடாது, தண்ணீர் குடிக்காது, வழுக்கும். சாம்சன் நிறுவனத்தின் ஜிங்-இட், பெட்ஸெல் நிறுவனத்தின் ஏர்லைன் ஆகியவை மரமேறுவோர் அதிகம் பயன்படுத்துபவை. வேறு பெயரில் மலிவாக வந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். கயிற்றின் சிறு துண்டைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து காற்றை வெளியேற்றிவிட்டு, ஒரு சொம்பு நீரில் போடுங்கள். பாலிஎதிலீன் மிதக்கும், நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும் என்பதால் இது முழுச் சோதனை ஆகாது. ஆனால் டைனீமா என்று சொல்லி நைலானைத் தள்ளிவிடுபவரை இது பிடித்துக்கொடுத்துவிடும்.

தடிமன்: சந்தையில் 1.75 மில்லிமீட்டர், 2.2 மில்லிமீட்டர் இரண்டும் அதிகம். மெல்லியது காற்றில் நன்றாகப் பறக்கும், பட்டையிலும் குறைவாக உராயும். அதே கயிறு புதியவர் கையில் சட்டென்று சிக்கலாகும், விரலை அறுக்கும். முதல் கயிறு 2.2 ஆகவே இருக்கட்டும். கை பழகி, சிக்கல் எடுக்கும் பொறுமையும் வந்தபின் 1.75 வாங்குங்கள். ஆடி மாதக் காற்றில் மெல்லிய கயிற்றின் அருமை தெரியும். தடித்த கயிறு காற்றில் வில்லாக வளைந்து பையை வேறு கிளைக்கு இழுத்துப்போகும். அம்மியே பறக்கும் காற்று என்றால் வேலையையே மறுநாளுக்குத் தள்ளிவைப்பது இன்னும் நல்லது.

நீளம்: கவை இருக்கும் உயரத்தைப் போல் இரண்டு மடங்கும், நீங்கள் தள்ளி நிற்கும் தூரமும், கையில் கொஞ்சம் மிச்சமும் வேண்டும். 15 மீட்டர் கவைக்கு 30 மீட்டர் கயிறு சரியாக வரும். சரியாக வருவது போதாது. 45 மீட்டர் வாங்கினால் நம் ஊர் மரங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தாங்கும். 60 மீட்டரே கிடைத்தால் அதுவும் நல்லதே. நுனி தேய்ந்தால் வெட்டிவிட இடம் இருக்கும்.

நிறத்தை அலங்காரமாக நினைக்காதீர்கள். மஞ்சளும் பச்சையும் வேப்பந்தழைக்குள் காணாமல் போகும். ஆரஞ்சு, இளஞ்சிவப்பு போன்றவை பளிச்சென்று தெரியும். எந்தக் கிளைக்கு மேல் கயிறு போகிறது என்று தரையிலிருந்து தெரியாவிட்டால் அந்தக் கயிற்றை நம்பி ஏறக் கூடாது.

மூன்றாம் படி: பை

புதியவர் தவறான எடை வாங்குவது இங்கேதான் அதிகம். இலேசான பையை உயரமாக எறியலாம் என்று தோன்றும், தோன்றுவதும் உண்மைதான். ஆனால் அது உயரே போய்த் தங்கிவிடும். பெட்ஸெல்லின் ஜெட் பைகள் 200 முதல் 350 கிராம் வரை வருகின்றன. அமெரிக்கப் பைகள் அவுன்ஸ் கணக்கில் வரும்: 10 அவுன்ஸ் என்பது சுமார் 280 கிராம், 12 அவுன்ஸ் 340 கிராம், 14 அவுன்ஸ் ஏறத்தாழ 400 கிராம்.

நம் புளிக்கும் வேம்புக்கும் என் பரிந்துரை 340 முதல் 400 கிராம். ஒரு பைதான் வாங்கக் காசு இருக்கிறது என்றால் 340. இரண்டு வாங்க முடிந்தால் இரண்டாவது 280 கிராம் அளவில் இருக்கட்டும். புங்கன், தைல மரம், உயரமான கவை ஆகியவற்றுக்கு அது உதவும். இரண்டு பை வைத்திருப்பதில் இன்னொரு நன்மை, ஒன்று மரத்தில் மாட்டிக்கொண்டாலும் அன்றைய வேலை நிற்காது.

வடிவம் நீளமாக, கண்ணீர்த் துளி போல் கீழே பருத்து மேலே ஒடுங்கியிருக்க வேண்டும். கயிறு கட்டும் வளையம் மேலே ஒன்று, அடியில் ஒன்று இருந்தால் நல்லது. தையல் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சுள்ளிகளில் மாட்டும்.

இறக்குமதிப் பை விலை அதிகமாகத் தோன்றினால் ஊரிலேயே தைத்துக்கொள்ளலாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோலுக்கும் தோல் தைக்கத் தெரிந்த கைக்கும் பஞ்சமில்லை. காலணிக்கு மேல்தோல் தைப்பவரிடம் ஒரு மாதிரி காட்டி, இரட்டைத் தையல் போட்டு, வலுவான உலோக வளையம் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். உள்ளே என்ன நிரப்புவது என்பதில் மட்டும் கவனம் தேவை. மணல் வேண்டாம்: அதே எடைக்கு ஈயக் குண்டுகளைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு இடம் பிடிக்கும், தலையணை போன்ற பை எந்தக் கவையிலும் நுழையாது. ஈயம் சிறிய பையில் அதிக எடை தரும், ஆனால் நஞ்சு; பை கிழிந்தால் குண்டுகள் வயலிலும் கிணற்றடியிலும் சிதறும். சைக்கிள் கடைகளில் கிடைக்கும் பால்ரஸ் குண்டுகள் இடைப்பட்ட வழி. பை ஈயப் பையைவிடச் சற்றுப் பெரிதாகும், அவ்வளவுதான். தோல் பையை மழையில் நனைந்தபடியே மூடி வைக்காதீர்கள்.

கயிற்றை எதில் வைப்பது

விலைப்பட்டியலில் மடக்கும் துணிப்பெட்டி ஒன்று இருக்கும். பெட்ஸெல்லில் எக்லிப்ஸ் என்று பெயர். விரித்தால் சதுரத் தொட்டி, மடித்தால் தட்டு. நல்ல பொருள். ஆனால் முதல் வருடத்துக்கு ஒரு அகலமான பிளாஸ்டிக் அன்னக்கூடை அதே வேலையைச் செய்யும். கயிற்றைக் கையில் வளையமாகச் சுற்றாதீர்கள். ஒவ்வொரு சுற்றும் ஒரு முறுக்கைச் சேர்க்கும், எறியும்போது அத்தனை முறுக்கும் ஒன்றாகக் கிளம்பி முடிச்சாகும். பை கட்டாத நுனியிலிருந்து பிடிபிடியாகக் கூடைக்குள் விட்டுக்கொண்டே போங்கள். கீழே போனது கடைசியில் வரும், மேலே இருப்பது முதலில் வரும், சிக்காது. அப்படியே தரையில் கொட்டினால் நெருஞ்சியும் வேலிக்கருவை முள்ளும் கயிற்றோடு கிளம்பும். ஏரிக்கரை வேலைக்குப் போகும்போது ஒரு தார்பாயும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய உண்டிவில் இப்போது வேண்டாம்

ஏறத்தாழ எட்டடிக் கம்பத்தின் தலையில் ரப்பர் பட்டைகளோடு ஒரு உண்டிவில். பிக் ஷாட் என்ற பெயரில் பிரபலம். பையை 25, 30 மீட்டருக்குச் சுலபமாக அனுப்பிவிடும். காணொளிகளில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். நம் பக்கத்து மரங்களில் முதல் நல்ல கவை பெரும்பாலும் கையால் எறியும் உயரத்திலேயே இருக்கிறது. முதலில் இதை வாங்குபவர் கையால் எறியக் கற்பதே இல்லை. உயர்ந்த தைல மரங்களோ பழைய அரச மரங்களோ அடிக்கடி வேலைக்கு வரத் தொடங்கினால் வாங்கலாம். அதுவரை அந்தப் பணத்தைத் தலைக்கவசத்தில் போடுங்கள்.

தலைக்கவசம் என்றதும் இன்னொரு கணக்கு. 15 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பை தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 60 கிலோமீட்டர். எறிபவர் மட்டுமின்றி உடன் நிற்கும் உதவியாளரும் கவசம் போட வேண்டும். ஐ.எஸ். 2925 முத்திரை உள்ளது தரையில் நிற்பவருக்குப் போதும். ஏறுபவருக்குத் தாடைப்பட்டை உள்ள, ஏறுவதற்கென்றே செய்த கவசம் தேவை. கண்ணாடியும் கையுறையும் சேர்த்து வாங்குங்கள்.

நான்காம் படி: எறிந்து பழகுதல்

பயிற்சிக்குத் திறந்த இடமும் தனி மரமும் வேண்டும். வற்றிய ஏரியின் கரையோரப் புளி அருமையான இடம். மாசி, பங்குனியில் மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள். ஏலம் எடுத்தவர் தன் புளியங்காய் உதிர்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். வேலூர்க் கோட்டை வளாகம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அங்கே வேண்டாம். ஜவ்வாது மலைக் காப்புக்காடுகளுக்குள் கயிறும் ரம்பமுமாக நுழைந்தால், சந்தன மரத்துக்கு வந்தவர் இல்லை என்று வனத்துறையினருக்கு நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையதாகிவிடும்.

பையைக் கட்ட ஓடுமுடிச்சு போதும், ஆனால் இந்தக் கயிறு வழுக்குவதால் ஒரு சுற்று கூடுதலாகப் போடுங்கள். ஒருகை எறி: முழங்காலுக்குச் சற்றுக் கீழே பை தொங்கும்படி கயிற்றைப் பிடித்து, முன்னும் பின்னும் ஊஞ்சலாட்டி, கை கிளையை நோக்கும் கணத்தில் விடுவது. குறி நன்றாக இருக்கும், உயரம் குறைவு. இருகை எறி: கயிற்றின் ஒரு மடிப்பை வளையத்துக்குள் நுழைத்துக் கண்ணியாக்கி, கண்ணியை ஒரு கையிலும் கயிற்றை மறு கையிலும் பிடித்து, கால்களை அகட்டி நின்று, இடையில் ஆட்டி மேலே விடுவது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பாட்டி எறிவது என்று ஆங்கிலத்தில் கேலியாகச் சொல்வதும் உண்டு. உயரம் வேண்டுமென்றால் இதுதான் வழி. 6 மீட்டர் கவையில் தொடங்குங்கள். நினைத்த கவையில் விழுவது வழக்கமானபின் உயரம் கூட்டுங்கள்.

பை இறங்கியதும் ஏறுகயிற்றைக் கட்டும் விதம் முக்கியம். ஏறுகயிற்றின் நுனியிலிருந்து ஒரு முழம் கீழே, எறிகயிற்றால் சாரணர் பயிற்சியில் சொல்லித்தரும் குளோவ் ஹிட்ச் முடிச்சைப் போட்டு, நுனியை நோக்கி இரண்டு மூன்று அரைமுடிச்சுகள் போடுங்கள். நுனி ஒடுங்கி நிற்பதால் கவையில் முட்டாமல் நுழையும். ஏறுகயிறு வெறும் பட்டையில் ஓடினால் பட்டையும் புண்படும், கயிறும் தேயும். அதற்கென்றுள்ள வளையப்பட்டையோ உறையோ போட்டபின் வேலையைத் தொடங்குங்கள். ஏறும் முன் இருவர் சேர்ந்து கயிற்றில் தொங்கிப் பார்ப்பதை எந்த அவசரத்திலும் விடாதீர்கள்.

பை மாட்டிக்கொண்டால்

வெடுக்கென்று இழுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை, அதுவே மோசமானது. முதலில் கயிற்றைத் தளர்த்தி அலையாக உதறுங்கள். பிறகு மரத்தின் மறுபக்கம் போய், பை நுழைந்த திசைக்கே அதைத் திருப்பும்படி மெல்ல இழுங்கள். பலமாக இழுத்தே ஆக வேண்டுமென்றால் கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். ஒரு கட்டையில் சுற்றி, பை வரும் கோட்டிலிருந்து விலகி நின்று, நிதானமாக இழுங்கள். அப்போது சுற்றிலும் யாரும் நிற்கக் கூடாது. அதற்கும் வராவிட்டால் விட்டுவிட்டு இரண்டாவது பையை எடுங்கள். வேறு கவை வழியாக ஏறி அதைக் கழற்றிக்கொள்ளலாம்.

மின்கம்பியும் சாலையும்

நம் தெருக்களில் மரமும் மின்கம்பியும் பின்னிக்கொண்டுதான் இருக்கின்றன. மின்கம்பி வேலைக்கென்று பயிற்சி பெறாதவர் 50 கிலோவோல்ட் வரையிலான கம்பியிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளியிருக்க வேண்டும் என்று அமெரிக்க மரவேலைப் பாதுகாப்பு நெறியான ஆன்ஸி இசட்133 சொல்கிறது. எறிபவருக்கு இந்தத் தூரம் போதவே போதாது. குறி தப்பிய பை எங்கு போகும், திரும்பி ஆடினால் எதைத் தொடும் என்று கணக்கிடுங்கள். அந்த எல்லைக்குள் கம்பி இருந்தால் எறியாதீர்கள். ஈரமான, அழுக்கேறிய கயிற்றில் மின்சாரம் பாயும். மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து மின்சாரத்தை நிறுத்திய பிறகு மட்டுமே அந்த மரத்துக்குப் போக வேண்டும். லைன்மேன் நண்பர் போனில் சொன்னார் என்பது போதாது.

சாலையோர மரமென்றால் இன்னொரு ஆபத்து. குறுக்கே தொங்கும் 2 மில்லிமீட்டர் கயிறு, பைக்கில் வருபவரின் கழுத்துக்கு மாஞ்சா நூல் மாதிரிதான். சாலைக்குக் குறுக்கே எறியாத கோணத்தைத் தேர்ந்தெடுங்கள். முடியாவிட்டால் இரு பக்கமும் ஆள் நிறுத்தி வண்டிகளை மறியுங்கள். பொது இடத்து மரத்தில் கிளை வெட்டுவதற்கு முன் உரிய அனுமதியும் கையில் இருக்க வேண்டும்.

பராமரிப்பு

பிசினும் பாலும் பட்ட கயிற்றை அன்றே சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெந்நீர் வேண்டாம், பெட்ரோல், தின்னர் வேண்டவே வேண்டாம். ஈயப் பையைத் தொட்டபின் கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள். அடிக்கடி தேய்வது பை கட்டும் பக்கத்து இரண்டு மூன்று மீட்டர்தான். அங்கே இழைகள் பூப்போல் பிரிந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு நுனியைச் சூடுகாட்டி இறுக்குங்கள். முனை மாற்றிக் கட்டினால் கயிறு இரண்டு பக்கமும் சமமாக உழைக்கும். வெட்டி வெட்டி 30 மீட்டருக்குக் கீழே வந்துவிட்ட கயிற்றை எறிவதற்கு வைத்துக்கொள்ள வேண்டாம். மேலே இருப்பவருக்குக் கைரம்பமும் தண்ணீர் பாட்டிலும் அனுப்ப அது இன்னும் பல மாதம் உதவும்.